கை மூடினால் எத்தனை

உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்துச் சாப்பாட்டுக் கடையில்
எங்களுக்குக் கிடைப்பது இருபத்திரண்டு நிமிடம்.
அதில் நான்கு கழிவறைக்குப் போகும்.
மீதியில் நான் சுருட்டி வந்த பலகையை விரிப்பேன்.
ஓரம் மடங்காமலிருக்க இந்தப் பக்கம் கோப்பி ஓ,
அந்தப் பக்கம் சம்பால் குப்பி.

ஹௌவுக்குத் தமிழ் தெரியாது, மலாயும் தெரியாது.
என் சீனம் "உள்ளே நகருங்கள்" என்பதோடு நின்றுவிடும்.
அதனால் விரல்களில் பேரம் பேசினோம்.

காலாள் ஒன்று. தகராறில்லை.
குதிரைக்கு நான் மூன்று நீட்ட, அவர் நான்கு நீட்டினார்.
மூலையில் ஒதுங்கிய குதிரையைச் சுட்டி
ஒரு விரலைப் பாதி மடக்கிக் காட்டினேன்,
அரை கூடத் தேறாது என்று.
அவர் கண் விரிந்தது.
அந்த ஆட்டம் முழுக்க மூலைக் குதிரையைத்
தங்கக் கட்டிபோல் காத்தார்.
வளைந்த விரல் அவர் ஊரில் ஒன்பதாம்.
ராணிக்கு அதே விரலை அவர் வளைத்தபோதுதான்
எனக்கு விளங்கியது.
அதற்குள் மனசுக்குள் ஒரு சண்டை போட்டிருந்தேன்:
ராணி என்ன, அரை விரலா?

யானையில்தான் பெரிய குழப்பம்.
மூலைக் காய் எனக்கு யானை, ஐந்து மதிப்பு.
ரசீதின் பின்னால் தும்பிக்கை வரைந்தேன்.
அவர் சிரித்துத் தலையாட்டி,
தன் பையிலிருந்து ஒரு மர வில்லையை எடுத்துவைத்தார்.
அதுவும் யானைதான். விரல் இரண்டே.
கோப்பியில் விரல் நனைத்துப்
பலகை நடுவே ஒரு கோடு இழுத்தார்: ஆறு.
அவருடைய யானை ஆற்றைத் தாண்டாது,
இந்தக் கரையிலேயே காவல் நின்று சாகும்.
காலாள் தாண்டும்.
தாண்டிய கணத்தில் இன்னொரு விரல் நிமிர்ந்தது: இரண்டு.

ஈரக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விடியாத நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில்
கடற்பாலம் தாண்டி வருகிறவள் நான்.
இங்கே வாங்கும் ஒரு வெள்ளி
அங்கே போனால் மூன்றுக்கு மேல்.
மதிப்பு கூடுவது வரும்போதா, திரும்பும்போதா?
கேட்க விரல் போதவில்லை.
கோடு காய்ந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை
ராணியைக் கொடுத்து அவருடைய இரண்டு யானையையும் வாங்கினேன்.
ஒன்பது போய்ப் பத்து வந்தது, ஒன்று லாபம்.
என் சொந்த யானைகளோ
ஒன்று வடக்கில், ஒன்று தெற்கில்,
ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.
ராஜாவை மிரட்டி மிரட்டி
அவர் ராணி இரண்டையும் தின்றுவிட்டது.
லாபத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

ராஜா மட்டும்தான் எங்களுக்குள் சண்டை மூட்டாத காய்.
முதல் நாளே நான் கையை மூடிக் காட்டினேன்:
இது எண்ணிக்கையில் வராது.
அவரும் மூடிக் காட்டினார்.
ஏழு மாதம் அந்த ஒன்றிலாவது
ஒத்த மனசு என்று நினைத்திருந்தேன்.

நேற்று அவர் மகளுக்குப் பிறந்தநாள்.
கரிபாப் விற்கிற ரொகாயா அக்காவிடம்
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று
ஹௌ கையை மூடிக் காட்டினார்.
அக்கா எண்ணிப் போட்டாள், பையில் பத்து.

பத்து.
அவ்வளவு நாளும் ராஜாவுக்கு அவர் போட்டது பத்து.
ராணியைவிட ஒரே ஒரு காலாள் அதிகம்.
நான் போட்டதோ வெறும் கை.

திருத்தவில்லை. எப்படித் திருத்துவது?
இன்று என் ராஜா சாய்ந்ததும்
அவர் கையை மூடினார், நானும் மூடினேன்.
மணி ஏழு நாற்பத்தாறு.

பிறகு மார்சிலிங் வளைவில்
எதிரெதிரே எங்கள் பேருந்துகள் கடந்தபோது
கண்ணாடிக்குள்ளிருந்து கை தூக்கினார்,
ஐந்து விரலும் விரிய.
யானையா, வணக்கமா தெரியவில்லை.
நானும் ஐந்து விரித்தேன்.